மூடிய பையில் வேகும் இருபது டாலர்

ஃபைவ் கைஸ் கடையில் பர்கரும் ஃப்ரைஸும் பார்சல் வாங்கினால் கைக்கு வருவது ஒரு பழுப்புக் காகிதப் பை. வாயை இரண்டு மடிப்பு மடித்துத்தான் தருவார்கள். மேசைக்கு வருவதற்குள் அடியில் எண்ணெய் வட்டம் பரவியிருக்கும். அமெரிக்காவில் இந்த வகைக் கடைகளைப் பற்றி நம்மவர்கள் சொல்லும் குறைகளில் பாதி அந்த இரண்டு மடிப்பில்தான் தொடங்குகிறது. கிழங்கு நல்ல கிழங்கு, கறி உறைய வைக்காத கறி, எண்ணெயும் நல்லெண்ணம் உள்ளவர்கள் வாங்கிய எண்ணெய். எல்லாம் சரியாக வந்து சேர்ந்து, கடைசி ஐந்து நிமிடத்தில் காரியம் கெடுகிறது. பஜ்ஜியைச் சுடச்சுடத் தூக்குச்சட்டியில் போட்டு மூடி எடுத்துப்போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மூன்று சங்கிலிக் கடைகளை இங்கே எடுத்துக்கொள்ளலாம்: பர்கர் விற்கும் ஃபைவ் கைஸ், ஷேக் ஷாக், மெக்சிகன் பாணிச் சாப்பாடு விற்கும் சிப்போட்லே. மெக்டொனால்ட்ஸுக்கு ஒரு படி மேலே, மேசைக்கு ஆள் வந்து பரிமாறும் ஓட்டலுக்கு ஒரு படி கீழே உள்ள கடைகள். வரிசையில் நாமே நிற்க வேண்டும், தட்டை நாமே தூக்க வேண்டும், மேசையையும் பல நேரம் நாமே துடைக்க வேண்டும். ஆனால் பில் மட்டும் ஓட்டல் பில்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

விலையைத் திட்டுவது சுலபம். 2024 மார்ச்சில் ஒரு ஃபைவ் கைஸ் ரசீது இணையம் முழுக்கச் சுற்றியது: ஒரு பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறி) சீஸ்பர்கர், ஒரு சின்ன ஃப்ரைஸ், ஒரு சோடா. வரியும் டிப்ஸும் சேர்த்து 24 டாலர். ஒரு ஆள் சாப்பாடு. ஆனால் அந்தக் காசு முழுக்க முதலாளி சட்டைப்பைக்குள் போகிறது என்று நினைத்தால் தப்பு. அமெரிக்காவில் மாடுகளின் எண்ணிக்கை 1951க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை என்று 2024 தொடக்கக் கணக்கெடுப்பே சொன்னது. மாட்டிறைச்சி விலை அதற்கேற்ப ஏறியது. கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரல் 1 முதல் பெரிய ஃபாஸ்ட் ஃபுட் சங்கிலிகளில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர். கடையிலேயே கிழங்கு நறுக்கவும் கறி உருட்டவும் ஆள் வேண்டும். காசு பொருளுக்கும் கூலிக்கும் போகிறது, சரி. அந்தப் பொருளைக் கட்டித் தருவதில் காட்டும் கவனம்தான் விலைக்கு ஏற்றதாக இல்லை. வாங்குகிறவர் கையில் அதைச் சரிசெய்யும் வழி ஓரளவு இருக்கிறது என்பதால்தான் இந்த விமர்சனம்.

ஒரு சொல் பிரச்சினை. பர்கருக்குள் வைக்கும் வட்டக் கறிக்கு ஆங்கிலத்தில் patty என்று பெயர். அதைத் தமிழில் பேட்டி என்று எழுதினால் நேர்காணல் ஆகிவிடுகிறது, பாட்டி என்று எழுதினால் வீட்டில் சண்டை வரும். கறித்தட்டை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஃபைவ் கைஸ்

1986இல் வர்ஜீனியா மாநிலம் ஆர்லிங்டனில் தொடங்கிய குடும்பக் கடை. வெளியாருக்குக் கிளை கொடுக்க ஆரம்பித்தது 2003 வாக்கில்தான். கடையில் உறைபெட்டி கிடையாது; கறி குளிர்பெட்டியில் வருகிறது, தினமும் உருட்டுகிறார்கள். சாதாரண ஹாம்பர்கரில் இரண்டு கறித்தட்டை, ஒவ்வொன்றும் சுமார் 94 கிராம். ‘லிட்டில்’ என்று பெயர் போட்டிருப்பதில் ஒன்று. முதல் முறை போகிறவர்கள் ஏமாறும் இடம் இது. லிட்டில் என்றால் குழந்தைகளுக்கானது என்று நினைத்துப் பெரியதை வாங்குவார்கள். உண்மையில் மற்ற கடைகளின் சாதாரண பர்கர்தான் இங்கே லிட்டில். பன் அதே பன், கறிக்கு மேல் வைக்கும் காய், சாஸ் போன்ற இலவச மேற்சேர்க்கை பதினைந்தும் அப்படியே உண்டு.

கறியை எப்போதும் முழுக்க வேக வைத்துத்தான் தருவார்கள். நடுவில் இளஞ்சிவப்பாகக் கேட்டால் கிடைக்காது. அதனால் சாறு குறைவு, அந்தக் குறையை மறைக்கத்தான் இத்தனை மேற்சேர்க்கை. ‘ஆல் தி வே’ என்று சொன்னால் மயோனெய்ஸ், லெட்யூஸ், ஊறுகாய் வெள்ளரி, தக்காளி, வதக்கிய வெங்காயம், வதக்கிய காளான், கெட்சப், கடுகு என எட்டும் உள்ளே போகும். இலவசம்தானே என்று எட்டையும் கேட்பதுதான் பர்கர் குழைவதற்கு முதல் காரணம். வதக்கிய காளானில் இருந்து நீர் வடியும், தக்காளியில் இருந்து வடியும், மயோனெய்ஸும் கெட்சப்பும் அதை வழுக்க வைக்கும். மேலே சுற்றிய அலுமினியத் தாள் ஆவியை வெளியே விடாது. இரண்டு நிமிடம் அந்தத் தாளுக்குள் இருந்தால் பன் மெத்தென்று படிந்து நன்றாக இருக்கும். பத்து நிமிடம் இருந்தால் அடிப்பன் நனைந்த அப்பளம்.

ஆகவே லிட்டில் சீஸ்பர்கர் வாங்குங்கள். அதில் வதக்கிய வெங்காயம், ஜலபீனோ (மெக்சிகோ பச்சை மிளகாய்), கடுகு, ஊறுகாய் வெள்ளரி போதும். காளான் ஆசை இருந்தால் தக்காளியை விட்டுவிடுங்கள், இரண்டும் சேர வேண்டாம். சாஸை அதிகம் போட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கையில் வந்ததும் தாளைப் பிரித்துவிடுங்கள். காரில் போகும்போதும் பிரித்தபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஃப்ரைஸ். இந்தக் கடையின் பெருமையும் இதுதான், ஏமாற்றமும் இதுதான். எந்த ஊர்க் கிழங்கு இன்று பொரிகிறது என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். தோலோடு நறுக்கி, கழுவி, நிலக்கடலை எண்ணெயில் இரண்டு தடவை பொரிக்கிறார்கள்: முதல் தடவை உள்ளே வேக, ஆறவிட்டு இரண்டாம் தடவை வெளியே மொறுமொறுக்க. முறை சரியான முறை. கூட்ட நேரத்தில்தான் அது தடுமாறுகிறது. முதல் பொரியலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் கிழங்கின் ஆவி போய் மேல்பரப்பு உலர வேண்டும். வரிசை கதவைத் தாண்டினால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். கூடையை நிறைத்துப் போட்டால் எண்ணெய்ச் சூடு இறங்கும்; சூடு இறங்கினால் கிழங்கு பொரியாது, எண்ணெய் குடிக்கும். வெளியே பழுப்பாகவும் உள்ளே தொளதொளவென்றும் வருகிறதே, அதற்கு இதுவே காரணம். கிழங்கு பலநாள் குளிரில் கிடந்திருந்தாலும் பழுப்பு வரும்: குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, சர்க்கரை எண்ணெயில் சீக்கிரம் கருகுகிறது. கருகுகிறதே என்று ஆள் முன்கூட்டி எடுத்துவிடுவார், உள் ஈரம் போயிருக்காது.

இதற்கு மேல் அந்தப் பை. ஒரு கோப்பை நிறைய ஃப்ரைஸ் போட்டு, அதன் தலையில் இன்னொரு கரண்டி அள்ளிப் பைக்குள் கொட்டுவது இவர்கள் வழக்கம். பார்க்கத் தாராளம். ஆனால் அந்தக் குவியல் தன் ஆவியிலேயே தானே வேகிறது. லிட்டில் ஃப்ரைஸ் 526 கலோரி, ரெகுலர் 953, லார்ஜ் 1,314. கடையே வெளியிட்ட கணக்கு இது. லிட்டில் ஒன்று இரண்டு பேருக்குத் தாராளம். நான்கு பேர் கொண்ட குடும்பம் நான்கு ஃப்ரைஸ் வாங்குவது வீண் செலவு, அதைவிட வீண் பொறியியல்: கிழங்கு அதிகமானால் ஆவி அதிகம், ஆவி அதிகமானால் மொறுமொறுப்புப் போச்சு. பையை மடிக்க வேண்டாம் என்று கவுன்டரிலேயே சொல்லலாம். தட்டில் பரப்பி உடனே சாப்பிடலாம். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஏர் ஃப்ரையரில் 190 டிகிரி செல்சியஸில் மூன்று நான்கு நிமிடம், ஒரே அடுக்காக, எண்ணெய் சேர்க்காமல். மைக்ரோவேவில் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பாது.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை கூட இருந்தால் இந்தக் கடைப்பக்கமே போகாதீர்கள். எண்ணெய் மட்டும் பிரச்சினை இல்லை. பல கிளைகளில் காத்திருப்பவர்கள் கொறிக்கத் தோலோடு கடலையைப் பெட்டியில் வைத்திருப்பார்கள், மேசையெல்லாம் தோல் கிடக்கும்.

ஷேக் ஷாக்

நியூயார்க் மேடிசன் சதுக்கப் பூங்காவில் 2001இல் தள்ளுவண்டி, 2004இல் நிலையான சிறு கடை, 2015 ஜனவரியில் பங்குச் சந்தை. உணவகத் தொழிலில் பேர் போன டேனி மேயர் தொடங்கியது. எதிர்பார்ப்பு அதனாலேயே கூடுதல்.

ஃப்ரைஸ் விஷயத்தில் இவர்கள் பட்ட பாடு பாடப்புத்தகத்தில் போடலாம். இங்கே தருவது அலை அலையாக வெட்டிய, உறைய வைத்த கிழங்கு. இவ்வளவு பேசும் கடை உறைபெட்டிக் கிழங்கைப் போடலாமா என்று உணவு விமர்சகர்கள் குத்திக்கொண்டே இருந்தார்கள். 2013இல் கடையிலேயே நறுக்கிப் பொரிக்கும் புதுக் கிழங்குக்கு மாறினார்கள். ஆள், கருவி, பயிற்சி எல்லாம் போட்டார்கள். வாடிக்கையாளர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை, பழையதைக் கொடு என்றார்கள். 2014இல் அலைக் கிழங்குக்கே திரும்பிவிட்டார்கள்.

மக்களுக்கு ருசி தெரியாது என்று இதைச் சொல்லிவிட முடியாது. தொழிற்சாலையில் கிழங்கை வெட்டி, வெந்நீரில் முக்கிச் சர்க்கரையை வெளியேற்றி, உலர்த்தி, அரைகுறையாகப் பொரித்து, பிறகு உறைய வைக்கிறார்கள். உறையும்போது உள்ளே பனிப்படிகம் செல்சுவரைக் கிழிக்கிறது. கிழிந்த சுவர் வழியாகப் பொரிக்கும்போது நீர் வேகமாக வெளியேறுகிறது. உள்ளே மாவாகவும் வெளியே ஓடாகவும் வரும். எந்தக் கிளையில் எந்தப் பையன் பொரித்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. புதுக் கிழங்கு நல்ல கையில் இதைத் தோற்கடிக்கும்; அவசரக் கையில் தோற்கும். ஆயிரம் பேருக்குப் பொரிக்கும் கடையில் எந்தக் கை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சீஸ் ஃப்ரைஸ் வாங்கினால் சீஸ் சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். மேலே ஊற்றித் தருவதை நம்பினால் மேல் அடுக்கு நனையும், கீழ் அடுக்கு காயும்.

பர்கரில் இங்கே ஏமாற்றம் வேறு விதம்: ருசி இல்லை என்பதல்ல, அளவு. கறித்தட்டை பச்சையாக 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். சூடான கல்லில் போட்டு முதல் சில விநாடிகளிலேயே அழுத்திவிடுகிறார்கள். கறி முழுக்கக் கல்லைத் தொடுவதால் விளிம்பு வரை முறுகல் வரும். தோசைக்கல்லில் மாவு லேசாக இழுத்த இடம் முறுகுவது போல. அந்த முறுகலுக்குத்தான் காசு. மெலிந்த கறி ஆனதால் சூடும் அதே வேகத்தில் இறங்கும், உருளைக்கிழங்கு மாவு சேர்த்த அந்தச் சின்ன பன்னுக்குள் நாலு கடியில் முடிந்துவிடும். ஒற்றை ஷாக் பர்கரை மட்டும் வாங்கி வயிறு நிறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்; ஃப்ரைஸ் தனி விலை, பானம் தனி விலை. பசிக்காகப் போகிறவர்கள் டபுள் வாங்கி ஃப்ரைஸைப் பங்கு போட்டால் கணக்கு ஓரளவு ஒத்துவரும்.

கேட்காவிட்டால் நடுத்தர வேக்காட்டில்தான் தருவார்கள். நம் நாக்குக்கு உள்ளே சிவப்பு ஆகாது என்பவர்கள் வெல் டன் என்று சொல்லிவிடுங்கள், முறுகலும் கூடும். தொடுதிரையில் ஆர்டர் போட்டால் அந்தத் தெரிவைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதைவிடச் சுலபமாகக் கண்ணில் படுவது பேக்கன் சேர்க்கவா, மில்க் ஷேக் சேர்க்கவா என்ற கேள்விகள்.

டிப்ஸ் திரை ஒரு தனி எரிச்சல், இந்த வகைக் கடைகளில் பரவலாக இருப்பது. சமையலே தொடங்காத நேரத்தில், நாமே எடுத்துக்கொண்டு வரப்போகும் சாப்பாட்டுக்கு, 15, 18, 20 சதவீதம் என்று கேட்கும். வேண்டாம் என்பதை அழுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிப்போட்லே

1993இல் டென்வரில் தொடங்கியது. இங்கே மொறுமொறுப்புப் பிரச்சினை இல்லை; சோறு, பீன்ஸ், கறி, சல்சா என்கிற தக்காளிச் சட்னி, எல்லாம் ஒரே கிண்ணத்தில். மூடிய கிண்ணத்திலும் தாங்கும். பிரச்சினை அளவில்.

கடையின் சொந்தச் சத்துக்கணக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எடை போட்டிருக்கிறது: கோழி 4 அவுன்ஸ், அரிசி 4, பீன்ஸ் 4, தக்காளி சல்சா 4, சீஸ் 1, லெட்யூஸ் 1. கூட்டினால் 18 அவுன்ஸ், சுமார் 510 கிராம். 2024இல் கிண்ணம் சுருங்கிவிட்டது என்று வாடிக்கையாளர்கள் வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்த நேரத்தில், வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் பங்குச்சந்தை ஆய்வாளர்கள் நியூயார்க்கின் எட்டுக் கிளைகளில் ஒரே மாதிரி 75 கிண்ணம் வாங்கித் தராசில் வைத்தார்கள். இணையத்தில் ஆர்டர் செய்ததில் மிக லேசானது 14 அவுன்ஸ் சொச்சம், மிகக் கனமானது ஏறக்குறைய 27. அதே விலை, அதே ஆர்டர், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். அளவைக் குறைக்கச் சொல்லி நாங்கள் உத்தரவு போடவே இல்லை என்றது நிர்வாகம். கூடவே, பத்தில் ஒரு பங்குக் கிளைகளுக்கு அளந்து போட மறுபயிற்சி தேவை என்றும் ஒப்புக்கொண்டது.

நம்பக்கூடிய பதில்தான். ஏனென்றால் அளப்பது தராசு இல்லை, கரண்டி. கறிக் கரண்டியை ஒருவர் குவித்து அள்ளுவார், ஒருவர் தட்டி அள்ளுவார். கல்யாணப் பந்தியில் வாளி தூக்குகிறவர் யார் என்பதைப் பொறுத்து இலையில் பாயசம் விழுவது போல. நேரில் நிற்கும்போது நம் கண் அந்தக் கரண்டியைப் பார்க்கிறது; ஆப் ஆர்டர்களுக்குப் பின்னால் தனி வரிசை, அங்கே யாரும் பார்ப்பதில்லை, தலைக்கு மேல் ஆர்டர் திரை மட்டும் ஓடுகிறது.

ஆகவே நேரில் போங்கள், மதியம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் போகாதீர்கள். அரிசியைக் கொஞ்சமாகக் கேட்டு பீன்ஸைக் கூடுதலாகக் கேளுங்கள். அரிசிதான் கிண்ணத்தை நிறைப்பது போல் காட்டும் பொருள். இரண்டு கறி பாதிப் பாதி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு கரண்டிக்கு மேல் விழும், ஏனென்றால் அரைக் கரண்டியை யாரும் சரியாக அள்ளுவதில்லை. வதக்கிய குடைமிளகாய் வெங்காயத்துக்குக் கூடுதல் காசில்லை. நீர்த்த சல்சாவைத் தனிக் கோப்பையில் வாங்குங்கள், அதே பொருள்களை ரொட்டியில் சுருட்டும் பரீட்டோ வாங்குகிறவர்கள் கட்டாயம் அப்படி வாங்குங்கள். சுருளின் அடி கிழிவது பெரும்பாலும் அந்த நீரால்தான். சந்தேகம் இருந்தால் வீட்டுத் தராசில் வையுங்கள், காலிக் கிண்ணத்தைப் பிறகு கழுவி எடைபோட்டுக் கழித்துக்கொள்ளலாம். 450 கிராமுக்குக் கீழே இருந்தால் ஆப்பில் படத்தோடு புகார் எழுதுவது நியாயம்.

டெலிவரி

மூன்றிலும் டெலிவரிக்குத் தகுந்தது சிப்போட்லே மட்டும், அதுவும் எடை குறையும் அபாயத்தோடு. பர்கர் கடைகள் இரண்டையும் டெலிவரியில் வாங்குவது காசைக் கொடுத்து ஏமாற்றத்தை வாங்குவது. பை மடித்த நிமிடத்தில் இருந்து வீட்டு வாசல் வரை இருபது, இருபத்தைந்து நிமிடம். ஆப்பில் பல சங்கிலிகள் பொருளின் விலையையே ஏற்றிப் போடுகின்றன. அதன்மேல் சேவைக் கட்டணம், அதன்மேல் டெலிவரி, அதன்மேல் டிப்ஸ். கடையில் 20 டாலருக்கு மொறுமொறுவென்று கிடைத்தது, வீட்டில் முப்பதைத் தாண்டித் தொளதொளவென்று வந்து நிற்கும்.

சைவர்களுக்கு

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஃபைவ் கைஸின் வெஜி சாண்ட்விச். பெயரைப் பார்த்து உள்ளே பயறோ காய்கறியோ பிசைந்த தட்டை இருக்கும் என்று வாங்கிவிடுகிறார்கள். தட்டையே கிடையாது. மற்றவர்களுக்கு இலவசமாகப் போடும் அதே வதக்கிய வெங்காயம், காளான், குடைமிளகாய், லெட்யூஸ், தக்காளியைப் பன்னுக்குள் வைத்துத் தருகிறார்கள், அவ்வளவுதான். பன்னில் பாலும் முட்டையும் உண்டு என்பதையும் முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டும்.

ஷேக் ஷாக்கின் ’ஷ்ரூம் பர்கர் அந்த விலைக்கு நியாயமான பொருள்: பெரிய காளானுக்குள் இரண்டு வகைச் சீஸ் வைத்துப் பொரித்தது. எண்ணெயில் இருந்து வந்த உடனே கடித்தால் உருகிய சீஸ் உதட்டைச் சுடும். ஓரத்தில் சின்னதாகக் கிழித்து ஆவியை விட்டு மூன்று நிமிடம் கழித்துத் தொடுங்கள். மற்ற பொருள்களோடு பொரிக்கும் எண்ணெய் ஒன்றா என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். சிப்போட்லேயில் சைவக் கிண்ணத்துக்குக் குவாகமோலே (அவகாடோ மசியல்) விலையில்லாமல் சேரும், மற்றவர்கள் அதற்குத் தனிக் காசு கொடுக்கிறார்கள். மூன்று கடைகளிலும் சைவருக்கு லாபமான ஒரே ஏற்பாடு இது. அங்கே பிண்டோ பீன்ஸில் ஒரு காலத்தில் பன்றிக்கொழுப்பு இறைச்சி சேர்த்தார்கள், 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கறுப்பு பீன்ஸ், பிண்டோ பீன்ஸ் இரண்டும் சைவம்.

ஃபைவ் கைஸுக்குத்தான் போயாக வேண்டும் என்றால் வெஜி சாண்ட்விச்சை விட்டுவிட்டு கிரில்டு சீஸ் கேளுங்கள். பன்னைத் திருப்பி, வெட்டுப்பக்கம் கல்லில் படும்படி முறுகவிட்டுத் தருவது. அதில் வதக்கிய காளான், வதக்கிய வெங்காயம், ஜலபீனோ மூன்றையும் இலவசக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள், காளானை நன்றாக வடித்துப் போடச் சொல்லுங்கள். மயோனெய்ஸ் வேண்டாம். தாளைப் பிரித்து நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுங்கள்.